டிராகன் யாருடைய முறை?



ஒரு குகை. அதனுள் நெருப்பைக் கக்கும் டிராகன் ஒன்று படுத்திருக்கிறது. அதை வீழ்த்தினால் அரும்பொருள் இரண்டொன்று கிடைக்கும். வீழ்ந்த டிராகன் மீண்டும் தோன்ற ஏழு நாள் ஆகும். குகை வாயிலில் ஐம்பது பேர் கொண்ட கூட்டம் ஒன்று நிற்கிறது. சற்றுத் தள்ளி, அதே ஆயத்தத்தோடு, வேறொரு கூட்டமும் நிற்கிறது. டிராகன் எவருக்கு உரியது?

இதனைக் கற்பனைக் கதை என்று தள்ளிவிட வேண்டா. டிராகன் கற்பனையே; குகையும் கற்பனையே. ஆனால் வாயிலில் நின்ற நூறு பேரும் உண்மை மனிதர்கள். ஒருவர் கலிபோர்னியாவில், ஒருவர் இங்கிலாந்தில், இன்னொருவர் ஜப்பானில் என்று தத்தம் வீட்டில் கணிப்பொறியின் முன் அமர்ந்திருந்தவர்கள். உணவை ஒதுக்கி, உறக்கத்தை ஒதுக்கி, மறுநாள் தேர்வு இருப்பதையும் ஒதுக்கி வந்தவர்கள். ஆகவே அவர்களிடையே எழுந்த வழக்கும் உண்மை வழக்கே. அதனைத் தீர்க்க அவர்கள் வகுத்துக் கொண்ட விதிகளைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

அந்த டிராகனின் பெயர் நாகஃபென். அது வாழ்ந்த உலகம் நோராத். 'எவர்குவெஸ்ட்' என்ற விளையாட்டின் உள்ளே அமைந்த உலகம் அது. 1999-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் நாள் அமெரிக்காவில் வெளிவந்த இவ்விளையாட்டை, மாதந்தோறும் கட்டணம் செலுத்தி, சில ஆண்டுகளுக்குள் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஆடினர். அத்தனை பேரும் ஒரே உலகில் நெருக்கியடித்து நிற்க முடியாதாகையால், உலகையே பல படிகளாக எடுத்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு பெயர் இட்டு வைத்தார்கள். அப்படிகளுக்குச் சர்வர் என்று பெயர். ஒரு சர்வரில் ஆயிரக்கணக்கானோர் உண்டு. ஆனால் நாகஃபென் ஒன்றே ஒன்று. பனிமலைக் குகையில் வாழும் வாக்ஸ் என்ற அதன் இணையும் ஒன்றே ஒன்று.

இத்தகைய பெரும்பகையை ஒருவர் தனியே வெல்ல இயலாது. அதன் அடியைத் தாங்க ஒருவர் முன்னிற்க வேண்டும். அவர் உயிர் குன்றுந்தோறும் மந்திரத்தால் குணப்படுத்தச் சிலர் வேண்டும். பக்கத்திலும் பின்னாலும் நின்று தாக்கப் பலர் வேண்டும். ஒருவர் கண நேரம் கவனம் தவறினால் ஐம்பது பேரும் மடிவர். எனவே ஆட்டக்காரர்கள் நிலையான குழாங்களாகக் கூடினர். பழைய ஐரோப்பாவில் கைவினைஞரும் வணிகரும் அமைத்துக் கொண்ட சங்கங்களின் பெயரால் அவற்றைக் கில்டு என்றழைத்தனர். பலர் கூடிப் படையெடுப்பது ரெய்டு. படையெடுப்புக்கு இலக்கான பெரும்பகைவன் ரெய்டு பாஸ். மாணவ நேயர்களுள் பலர் இச்சொற்களை என்னைவிட நன்கு அறிந்திருப்பீர்கள். உங்கள் வீட்டுப் பெரியோர் பொருட்டே இவ்விளக்கம்.

"ஒரு பொம்மை வாளுக்காக இத்தனை பாடா?" என்று அப்பெரியோர் நகைக்கக் கூடும். அவர்களுக்கு ஒரு செய்தி சொல்லலாம். எட்வர்ட் காஸ்ட்ரோனோவா என்ற அமெரிக்கப் பொருளியல் பேராசிரியர் 2001-ஆம் ஆண்டில் நோராத்தைப் பற்றி ஓர் ஆய்வுரை எழுதினார். அவ்வுலகப் பொருள்கள் வெளியுலக ஏலத்தில் பெற்ற விலையைக் கொண்டு அவர் கணக்கிட்டபோது, அங்கே தலைக்கு விளையும் உற்பத்தி உருசிய நாட்டுக்கும் பல்கேரிய நாட்டுக்கும் இடைப்பட்டதாக இருந்தது. பொம்மை வாளுக்கு டாலரில் விலை இருந்தது என்பதே இதன் பொருள்.

ஆயினும் பணம் சிறு பகுதியே. பெரும்பகுதி காலம். நோயும் காயமும் தீர்க்கும் பூசகராக ஆடுவோர்க்குக் கிளெரிக் என்று பெயர். மாண்ட தோழரை உயிர்ப்பிக்கும் சிறப்புக் கருவி ஒன்று அவர்களுக்கு உண்டு. அதனைப் பெற்றவர், மந்திர ஆற்றல் சிறிதும் செலவின்றி, ஒருவர் பின் ஒருவராகத் தம் குழாம் முழுவதையும் எழுப்பிவிடலாம். ஒவ்வொரு கிளெரிக்கும் அதனை விரும்பினார். ஆனால் அதற்கான நெடும்பயணத்தில், நாகஃபெனின் குகையில் அரிதாகத் தோன்றும் மற்றொரு டிராகனை வென்றே ஆக வேண்டும். ஒரு முறை தோன்றினால் ஒருவருக்கே பயன். ஒரு சர்வரில் எத்தனை கிளெரிக்குகள் இருந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பல சர்வர்களில் ஆட்டக்காரர்கள் தாமாகவே பெயர்ப் பட்டியல் எழுதி வைத்து, மாதக்கணக்கில் தத்தம் இடத்துக்காகக் காத்திருந்தார்கள். அரசாங்கம் எழுதச் சொன்ன பட்டியல் அன்று. காவலர் எவரும் நின்று காத்த வரிசையும் அன்று.

நிற்க. குகை வாயிலுக்குத் திரும்புவோம். இரு குழாங்கள் நிற்கின்றன. முதற்கண் கணிப்பொறியின் விதியைப் பார்ப்போம். அது மிக எளிது: பகைவனுக்கு எக்கூட்டம் மிகுதியான சேதம் விளைத்ததோ அக்கூட்டத்துக்கே உடைமை. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆயிற்று? முதலில் வந்த குழாம் உயிரைக் கொடுத்துப் போரைத் தொடங்கும், அடியைத் தாங்கும், பாதிப் பேரைப் பலி கொடுக்கும். பின்னால் வந்த வலிய குழாம், களைப்பின்றிப் புகுந்து மிகுதிச் சேதத்தை விளைத்து, பொருளை எடுத்துக் கொண்டு போகும். சட்டப்படி அது குற்றமாகாது. கணிப்பொறியே பொருளை எடுத்துக் கொடுத்துவிட்டதே! ஆனால் குகையில் நின்ற ஒவ்வொருவரும் அதனைத் திருட்டு என்றே அழைத்தனர்.

இதைவிடக் கொடிய சூழ்ச்சி ஒன்றும் இருந்தது. வழியிலுள்ள சில்லறைப் பூதங்களையெல்லாம் வேண்டுமென்றே சினமூட்டி, அவை தன்னைத் துரத்தி வர ஓடி, டிராகனோடு போராடும் எதிர்க்குழாத்தின் நடுவே கொண்டுபோய் விடுவது. பெட்டிக்குப் பின் பெட்டியாகத் தொடர்ந்து வருவதால் அதற்கு 'டிரெயின்' என்றே பெயர். இரயில் வருகிறது என்ற கூக்குரல் கேட்டால், நோராத்தில் யாரும் பயணச்சீட்டுத் தேடவில்லை.

இப்பூசல்கள் பெருகவே விளையாட்டை நடத்திய நிறுவனம் ஒரு நடத்தை நெறியை வெளியிட்டது. பிறர் ஆட்டத்தைக் குலைத்தல் கூடாது. டிரெயின் விடுதல் குற்றம். ஒரே பகைவனை இரு கூட்டத்தார் நாடினால் அவர்கள் தமக்குள் பேசி இணக்கம் காண வேண்டும். காண முடியாவிடில் நிறுவனத்தின் பணியாளர் வந்து ஓர் இணக்கத்தை விதிப்பார். மாறி மாறி வேட்டையாடுமாறும் அவர் பணிக்கலாம். அவர் சொல்லே முடிவு. இந்நெறியில் என்னைக் கவர்வது அதன் வரிசை. முதலில் நீங்களே பேசித் தீர்த்துக் கொள்ளுங்கள் என்றது. பிறகுதான் நடுவரை அழைத்தது. நற்பண்பினால் மட்டும் அன்று இது. நள்ளிரவில், எத்தனையோ சர்வர்களில், எத்தனையோ குகைகளில் எழும் வழக்குகளுக்கெல்லாம் நடுவரை அனுப்ப எந்த நிறுவனத்தால் இயலும்? வந்த நடுவரும் நடந்ததை நேரிற் கண்டவர் அல்லர். இரு பக்கத்தாரும், "நாங்களே முதலில் வந்தோம்" என்று சாதிப்பர்.

இந்த இடத்தில்தான் ஆட்டக்காரர் தாமே விதி செய்யத் தொடங்கினர். பல சர்வர்களில் குழாத் தலைவர்கள் கூடி ஒரு நாட்காட்டி வரைந்தனர். இவ்வாரம் நாகஃபென் உங்களுக்கு, வாக்ஸ் எங்களுக்கு. அடுத்த வாரம் மூன்றாவது குழாத்துக்கு. அழைப்பு வந்து இத்தனை மணி நேரத்துக்குள் ஒரு குழாம் திரண்டு வாராவிடில் அதன் உரிமை அடுத்தவர்க்குச் செல்லும். தோற்று மடிந்தால் மறுமுயற்சி உண்டா, இல்லையா என்பதற்கும் ஒரு வாசகம். சர்வருக்குச் சர்வர் வாசகம் மாறுபட்டது, அடிப்படை ஒன்றே. தமிழில் இதற்கு முறை வைத்தல் என்று பெயர். நம் மொழியில் 'முறை' என்ற சொல்லுக்குச் சுற்றி வரும் வேளை என்றும் பொருள், நீதி என்றும் பொருள். என் முறை எப்போது வரும் என்று கேட்பவனும், முறை செய்யுங்கள் என்று மன்றத்தில் வேண்டுபவனும் ஒரே சொல்லைச் சொல்கிறார்கள்.

மனிதர்கள் இவ்வாறு செய்வது இது முதன்முறை அன்று. துருக்கி நாட்டின் தென்கரையில் அலன்யா என்ற ஊர் உண்டு. அங்குள்ள மீனவர் ஏறத்தாழ நூறு பேர். நல்ல மீன்பாடு உள்ள இடங்கள் சிலவே. அவ்விடங்களுக்காக ஒருவரோடொருவர் பூசலிட்டு வந்தனர். 1970-களின் தொடக்கத்தில் அவர்கள் ஒரு வழி கண்டனர். மீன்பிடி இடங்களுக்கெல்லாம் பெயரிட்டுப் பட்டியல் எழுதினர். ஒன்றில் விரித்த வலை அடுத்த இடத்து மீனை மறிக்காத தொலைவில் அவற்றை அமைத்தனர். செப்டம்பரில் சீட்டுக் குலுக்கி ஆளுக்கோர் இடம் எடுப்பர். பிறகு சனவரி வரை நாளுக்கு ஓர் இடமாகக் கிழக்கே நகர்வர். அதற்குப் பின் மே வரை மேற்கே நகர்வர். ஆகவே நல்ல இடமும் வறிய இடமும் எல்லார்க்கும் வந்து சேரும். எலினோர் ஆஸ்ட்ரம் அம்மையார் 1990-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் இவ்வூரை எடுத்துக் காட்டினார். பொதுச் சொத்தை அதன் பயனாளிகளே விதி செய்து காக்கக் கூடும் என்று நிறுவியமைக்காக 2009-ஆம் ஆண்டின் பொருளியல் நோபெல் பரிசில் அவர் பங்கு பெற்றார்.

அலன்யாவில் காவலாள் தேவைப்படவில்லை. இன்று நல்ல இடம் எனக்கு என்று தெரிந்தவன் விடியற்காலையில் அங்கே இருப்பான். வேறொருவன் புகுந்திருந்தால் அவனே கண்டு தடுப்பான்; மற்றவரும் அவன் பக்கம் நிற்பர், நாளை அது தமக்கும் நேரும் ஆகையால். நோராத்தின் நாட்காட்டியும் இவ்வாறுதான் நின்றது. முறை தவறிய குழாத்தின் பெயர் அன்றிரவே சர்வர் முழுதும் பரவும். அக்குழாத்தில் புதியவர் சேர அஞ்சுவர். பழையவர் அதன் பெயரைச் சொல்ல நாணுவர்.

ஆனால் கடலுக்கும் நோராத்துக்கும் வேற்றுமை உண்டு. அலன்யாவின் மீனவர் எல்லாரும் ஏறத்தாழ ஒத்த வலிமையர். குழாங்களோ அப்படி அல்ல. வாரந்தோறும் தானே டிராகனை வீழ்த்த வல்ல ஒரு பெருங்குழாம், "நான்கு வாரத்தில் நான்கையும் பெற வல்ல நான் ஏன் ஒன்றோடு அமைய வேண்டும்?" என்று கேட்டால் என்ன விடை? நன்னெறியைக் காட்டி விடை கூறலாம். அது எப்போதும் பலித்ததில்லை. பலித்த விடை வேறு. அது உறக்கம்.

வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஏழு நாள் கழித்துத் தோன்றும் டிராகன் எந்த மணியில் தோன்றும் என்பது முன்னை வாரம் அது எப்போது வீழ்ந்தது என்பதைப் பொறுத்தது. விடியற்காலை மூன்று மணிக்கும் தோன்றலாம். முறை இல்லாத சர்வரில், முந்துகிறவனுக்கே வெற்றி. ஆகவே குகைவாயிலில் நாள் முழுதும் காவல் கிடக்க ஆள் வைப்பர். டிராகன் தோன்றியதும் அவன் தோழர்களைத் தொலைபேசியில் எழுப்புவான். ஐம்பது வீடுகளில் மணி அடிக்கும். ஐம்பது பேர் இருட்டில் தட்டுத் தடுமாறி வந்து அமர்வர். பத்து நிமிடம் பிந்தினால் எதிர்க்குழாத்தின் தொலைபேசிகள் வென்றுவிடும். நிறுவனத்தார் பழுதுபார்த்துச் சர்வரை மீண்டும் இயக்கும் நாளில் எல்லா டிராகன்களும் ஒருங்கே தோன்றும். அன்று அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் வாராதவர் எத்தனை பேரோ! இவ்வாழ்வை ஓராண்டு நடத்திய பெருங்குழாத்துக்கு, நாட்காட்டி என்பது பிறர்க்கு இடும் பிச்சையாகத் தோன்றுவதில்லை. நான்கில் ஒன்றைப் பெற்று, மூன்று வாரம் அமைதியாக உறங்கலாம். வலியவன் முறைக்கு இசைவது, முறையின்மை அவனையும் அரித்துத் தின்னும்போதுதான் என்பது என் துணிபு.

அதனினும் கடினமான வினா ஒன்று உண்டு. நாட்காட்டி வரைந்த நாளில் நான்கு குழாங்கள் இருந்தன. ஆறு மாதம் கழித்து ஐந்தாவது ஒன்று வளர்ந்து வருகிறது. ஏட்டில் அதற்கு இடம் இல்லை. "நாங்கள் டிராகனை வெல்ல வல்லோம் என்று மெய்ப்பித்தால் சேர்ப்பீர்களா?" என்று அது கேட்கிறது. "மெய்ப்பித்துக் காட்டு" என்பர் நால்வர். எதன்மேல் மெய்ப்பிப்பது? டிராகன்கள் அனைத்தும் நாட்காட்டியில் கட்டுண்டு கிடக்கின்றனவே! வென்றாலன்றிச் சேர முடியாது. சேர்ந்தாலன்றி வெல்ல முடியாது. அப்போது ஐந்தாவது குழாம் ஒரு நள்ளிரவில் நாட்காட்டியைப் பாராமல் டிராகனை வீழ்த்துகிறது. நால்வரும் அதனைக் கள்வர் கூட்டம் என்று தூற்றுகின்றனர். யாரிடமும் வாக்குக் கொடுக்காத ஒருவன் வாக்குத் தவறினான் என்று எப்படிச் சொல்வது?

முறையைப் போற்றும் நல்லோர் இவ்விடத்தில்தான் பெரும்பாலும் வழுக்கி விழுகிறார்கள். தங்களுக்குள் நீதியாகப் பங்கிட்டுக் கொண்டமையால், தங்கள் பங்கீடே நீதி என்று நினைத்துவிடுகிறார்கள். வாயில் இல்லாத நாட்காட்டி, அகத்தே இருப்பவர்க்கு முறை. புறத்தே நிற்பவனுக்கு மதில். அறிந்து செய்தவர்கள் முதலிலேயே வாயில் வைத்தனர்: வீழ்ந்த பகைவனின் மறுதோற்றத்தை எப்போதாவது ஒருமுறை எல்லார்க்கும் திறந்து விடுவது, அல்லது புதியவரோடு பழையவர் கூடிச் சென்று அவர் திறனைக் காண்பது. இவை மிகச் சிறிய ஏற்பாடுகள். இவை இல்லாத நாட்காட்டியை உடைக்க ஐந்தாவது குழாம் ஒன்று போதும்.

வலிமைக்கு நேரே வரம்பு கட்டிய விதியும் உண்டு. 2000-ஆம் ஆண்டில் விளையாட்டு விரிவடைந்து, ஆட்டக்காரர் அடையக்கூடிய உச்சநிலை 50-லிருந்து 60 ஆயிற்று. அந்நிலை எய்தியோர்க்கு நாகஃபென் கிள்ளுக்கீரை ஆகிவிட்டது. எளியோரின் ஒரே டிராகனையும் அவர்கள் பொழுதுபோக்காகப் பறித்துச் செல்வர். ஆகவே படைத்தோர் ஒரு மாற்றம் செய்தனர்: 52-ஆம் நிலையைக் கடந்தவர் முன்னே வந்தால் நாகஃபெனும் வாக்ஸும் அவரோடு பொருதாமல் வெளியே தூக்கி எறிந்துவிடும். எளியோர் மகிழ்ந்தனர். வலியோர் என்ன செய்தனர் தெரியுமா? 52-ஆம் நிலையிலேயே நின்று வளராத இரண்டாவது வீரன் ஒருவனைத் தமக்கென வைத்துக் கொண்டனர்.

இனி, உறங்குபவனின் கதைக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டின் இறுதியில் வந்த மற்றொரு விரிவில், ஒரு கல்லறையுள் கெராஃபிர்ம் என்ற டிராகனை உறங்க வைத்திருந்தனர். நான்கு டிராகன்கள் அதற்குக் காவல். அக்காவலரை வீழ்த்தினால் ஒப்பற்ற படைக்கலங்கள் கிடைக்கும். காவலர் மீண்டும் மீண்டும் தோன்றுவர். ஆனால் நால்வரும் ஒருங்கே மாண்டால் கெராஃபிர்ம் விழித்தெழும். கண்ணிற் பட்டாரையெல்லாம் அழித்துச் செல்லும். அந்தச் சர்வரில் அக்காவலர் அதன்பின் எந்நாளும் தோன்றார். ஒரு சர்வருக்கு ஒரே முறை.

எண்ணிப் பாருங்கள். மூன்று காவலரோடு நிறுத்திக் கொண்டால், எல்லாக் குழாமும் ஆண்டுக்கணக்கில் அப்படைக்கலங்களைப் பெறலாம். நான்காவதையும் வீழ்த்தினால் ஓர் இரவுக் காட்சியோடு ஊற்று வற்றிவிடும். பல சர்வர்களில் குழாங்கள் நான்காவதைத் தொடுவதில்லை என்று உடன்பட்டன. ஆனால் இவ்வுடன்பாட்டைக் காக்க அனைவரும் வேண்டும். உடைக்க ஒரு குழாம் போதும். உடைத்தவரின் நோக்கம் எப்போதும் ஆவல் அன்று. தமக்கு வேண்டியதைப் பெற்றபின், பின்னால் வருபவர்க்குக் கிடைக்கக் கூடாது என்பதற்காகவே ஊற்றை அடைத்தவர்களும் இருந்தனர். இதற்கு எதிராக நிறுவனத்தின் நெறியில் ஒரு சொல்லும் இல்லை. பகைவனை வீழ்த்துவது விளையாட்டில் குற்றம் ஆகுமா?

2003-ஆம் ஆண்டு நவம்பரில் 'ராலோஸ் செக்' என்ற சர்வரில் விந்தை ஒன்று நடந்தது. ஆட்டக்காரர் ஒருவரையொருவர் கொல்ல விதியே இடம் கொடுத்த சர்வர் அது. அங்கே குழாங்களின் பகை வெறும் வாய்ப்பகை அன்று. அங்கு மூன்று பெருங்குழாங்கள் கைகோத்து, ஏறத்தாழ 180 பேராகத் திரண்டு, கெராஃபிர்மை எழுப்பி அதனையே கொல்லத் துணிந்தன. அது கொல்லப்படாதது என்றே எல்லாரும் நம்பியிருந்தனர். உயிர் கால்பங்காகக் குறைந்த நேரத்தில் நிறுவனத்தார் அதனை மறையச் செய்துவிட்டனர். பெருங்கூச்சல் எழுந்தது. நிறுவனம் வருத்தம் தெரிவித்து, மறுமுயற்சிக்கு இடம் தந்தது. சில நாட்களுக்குள், மீண்டும் மூன்று மணி நேரத்துக்கு மேலாகப் போராடி, மாண்டவரை மாண்டவரை எழுப்பி, அதனை வீழ்த்தியே விட்டனர். வீழ்ந்த உடலைத் தேடினால் ஒரு பொருளும் இல்லை.

பல்லாண்டுப் பகைவர் ஒன்றுபட்டது பங்கிட ஒன்றும் இல்லாத வேட்டையில் என்பது தற்செயலா? நான் அப்படி எண்ணவில்லை. இரண்டு வாளும் ஒரு கேடயமும் உள்ளே கிடக்கும் என்று அறிந்திருந்தால், புறப்படுமுன்னரே மூன்று குழாங்களும் பங்கு பேசிப் பிரிந்திருக்கும். புகழைப் பங்கிடலாம்; வாளைப் பங்கிட முடியாது.

படைத்தோர் இறுதியில் வேறு வழி கண்டனர். பூசல் எதனால்? பொருள் ஒன்றாய் இருப்பதால். அதனைப் பலவாக்கிவிட்டால்? குழாம் ஒன்று குகைக்குள் நுழைந்ததும் அதற்கெனத் தனிக் குகை ஒன்றைக் கணிப்பொறி படைத்துக் கொடுக்கும். அதனுள் தனி டிராகன். அடுத்த குழாத்துக்கு வேறொரு படி. இதற்கு இன்ஸ்டன்ஸ் என்று பெயர். எவர்குவெஸ்டிலேயே 2003-இல் இவ்வகைக் குகைகள் வந்தன. 2004 நவம்பரில் வெளிவந்த 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' தன் பெரும் ரெய்டுகளை இவ்வாறே அமைத்தது. 40 பேர் கூடிச் செல்லும் எரிகுழம்புக் குகை ஒவ்வொரு குழாத்துக்கும் தனித்தனி. திறந்த வெளியில் உலவும் பகைவர் சிலரை மட்டும் பொதுவில் விட்டுவைத்தது. பழைய பூசல்கள் அவர்களைச் சுற்றி மட்டும் எஞ்சின.

இது நல்ல தீர்வா? உறங்க விரும்புவோர்க்கு நல்ல தீர்வு. பள்ளி மாணவருக்கும் குழந்தை வளர்க்கும் தாய்மார்க்கும் நல்ல தீர்வு. தாம் குறித்த நேரத்தில் ஆடலாம். நானும் அதனையே பரிந்துரைப்பேன். ஆனால் அடுத்த குகையில் இருப்பவர் யார் என்று எவர்க்கும் தெரியாமற் போயிற்று. எதிர்க்குழாத்துத் தலைவனோடு நள்ளிரவில் வாதாடி, இறுதியில் ஒரு வாசகத்துக்கு இருவரும் ஒப்பும் வேலையே அங்கு இல்லாமற் போயிற்று. பெருக்கக் கூடிய பொருளைப் பெருக்கிவிடுவதே அறிவுடைமை என்பேன். அலன்யாவின் மீனவருக்கு அவ்வழி இல்லை. கடலுக்குப் படி எடுக்க முடியாது.

ஜப்பானில் 2002-இல் தொடங்கிய பதினோராம் 'ஃபைனல் ஃபேன்டசி' வேறு விதமாக முயன்றது. முதலில் கை வைத்தவர்க்கே பகைவன் உரியது. அக்கணமே அதன் பெயர் நிறம் மாறும். வேறெவரும் அதனைத் தீண்ட முடியாது. பாதியில் புகுந்து கவரும் திருட்டு இதனால் ஒழிந்தது உண்மை. ஆனால் அங்குள்ள பெரிய டிராகன் வீழ்ந்து 21 மணி முதல் 24 மணிக்குள், அரைமணிக்கு ஒரு வாய்ப்பாகத் தோன்றும். ஆகவே அரைமணிக்கு ஒருமுறை நூற்றுக்கணக்கான விரல்கள் ஒரே கணத்துக்காகக் காத்திருந்தன. ஒரு மணி நேரப் போராட்டமாக இருந்த போட்டி ஒரு நொடிப் போட்டியாகச் சுருங்கிற்று. நொடியில் மனிதனை வெல்ல வல்லது எது? இயந்திரம். மனிதருக்குப் பதிலாகக் கை வைக்கும் மறைமுகச் செயலிகள் வந்தன. அவற்றைப் பிடிக்கும் வேலை நிறுவனத்தின் தலையில் விழுந்தது.

பழைய நோராத்தின் மேல் ஏக்கம் கொண்டவர்களும் இருந்தார்கள். 2009-இல் தன்னார்வலர் சிலர், 1999-இல் இருந்தவாறே அவ்வுலகை மீண்டும் எழுப்பி, 'புராஜெக்ட் 1999' என்ற பெயரால் கட்டணமின்றி நடத்தத் தொடங்கினர். எவர்குவெஸ்டுக்கு உரிமையுடைய நிறுவனம் 2015-இல் அதனை ஏற்று உடன்படிக்கையும் செய்து கொண்டது. உலகம் திரும்பியது, பூசலும் திரும்பியது. பதினைந்து ஆண்டுப் பயிற்சி பெற்ற குழாங்கள் குகைவாயிலில் காவல் கிடந்தன. 2014-இல் அங்குள்ள மேற்பார்வையாளர் ஓர் ஏற்பாடு செய்தனர். பெரும்பகைவர் தோன்றும் வேளைகளை மூன்று வகையாக்கினர்: ஒன்று எல்லார்க்கும் திறந்தது; ஒன்று போட்டியையே விரும்பும் பெருங்குழாங்களுக்கு; ஒன்று மற்றக் குழாங்களுக்கு. தன் வகை எது என்பதைக் குழாமே தேர்ந்து கொள்ளும்.

இவ்வேற்பாடும் என்றென்றும் நிற்கவில்லை. சில ஆண்டுகளில் வேறு விதிகள் அதன் இடத்தைப் பெற்றன. ஆயினும் அது நடைமுறைக்கு வந்தபோது நிகழ்ந்தது ஒன்று குறிப்பிடத்தக்கது. போட்டியை விரும்பியோர் தம் பங்குக்கு வந்த டிராகன்களை முன்போலவே நள்ளிரவில் முந்தி ஓடிப் பிடித்தனர். மற்றக் குழாங்களோ, தம் பங்கு கைக்கு வந்ததும், ஒன்றாய் அமர்ந்து ஒரு நாட்காட்டி வரைந்தன. அந்நாட்காட்டியில் இன்னும் யார் யார் சேரலாம் என்ற பழைய வினாவும் அவர்களோடு கூடவே வந்து அமர்ந்தது.